என் புருவத்தின் எட்டுப் படங்கள்

மாமாவின் வாயில் நான் விட்ட முதல் குத்திலேயே கீழ்ப்பல் ஒன்று கழன்று வந்துவிட்டது. மாமா என்றால் என் அக்காவின் கணவர். பட்டப்பகலில், சிதம்பரம் ரயிலடியை ஒட்டிய சந்தில், அவர் வீட்டு வாசலிலேயே வைத்து அடித்தேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், முன்னால் நின்று என் கல்யாணத்தை நடத்தி வைத்தவர். அதெல்லாம் அன்றைக்கு நினைப்பிலேயே இல்லை. எனக்கு எப்போதும் கைதான் முந்தும். கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். நான் படம் எடுக்கும் கல்யாணங்களில் மாப்பிள்ளையின் அப்பாகூட கேமராவுக்குக் குறுக்கே வரப் பயப்படுவார். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

சண்டை ஒரு மெமரி கார்டுக்காக. கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்து அக்காவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. நாள் ஆவதற்கு முன்பே பிறந்துவிட்டதால் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். ஒன்றரை நாள்தான் இருந்தான். ஒரு நர்சம்மா இரக்கப்பட்டு என்னைக் கேமராவோடு உள்ளே விட்டார். அக்காவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்து, அவள் நெஞ்சின் மேல் நாலு நிமிஷம் பையனைப் போட்டார்கள். ஒரு தடவை கண்ணைத் திறந்து பார்த்தான். புதுக் கார்டில் முதல் இருபத்தாறு படங்கள் அவைதான். படங்களைச் சின்ன அளவில் பதியும்படி கேமரா இருந்ததைக்கூட மாற்றத் தோன்றவில்லை, அமுக்கிக்கொண்டே இருந்தேன்.

மறுநாள் போய்விட்டான். வயிற்றில் தையலோடு அக்காவால் எழுந்து வர முடியாது. "ஒன்னு விடாம எடுத்துக்கிட்டு வாடா, நான் பாக்கணும்" என்றாள். வெள்ளைத் துணியில் சுற்றியது, மரப்பெட்டியில் வைத்தது, குழி, மாமா தள்ளிய முதல் கைமண் எல்லாவற்றையும் அதே கார்டில் எடுத்தேன். மடியில் உட்காரவைத்துக் காது குத்தவேண்டிய தாய்மாமன் நான். அவனுக்கு நான் செய்த ஒரே சீர் அந்தப் படங்கள்.

கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டுத் தருகிறேன் என்று எத்தனையோ முறை கேட்டும் அக்கா கார்டைத் தரவில்லை. "எடுத்துட்டுப் போனா திரும்ப வராது" என்பாள். கேமராவையும் அவளிடமே விட்டுவைத்தேன். சோறு தண்ணி இல்லாமல் நாளெல்லாம் அந்தச் சின்னத் திரையையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். ஒரு நாள் காலையில் போன் வந்தது. "அவுரு எல்லாத்தையும் அழிச்சிட்டாருடா."

சித்தப்பா மகனைப் பின்னால் உட்காரவைத்து வண்டியை விரட்டினேன். மாமா வாசலுக்கு வந்தார். "மரப்பொட்டியில வெச்ச படத்த மட்டும் அழிச்சிடலாம்னு பாத்தேன் மச்சான். அதையே பாத்துப் பாத்து இவ ஒரு மாதிரி ஆயிட்டா. ஒன்னு ஒன்னா அழிக்கத் தெரியல, எதையோ அமுக்கிட்டேன், மொத்தமா..." முடிக்க விடவில்லை. பல் விழுந்த பிறகும் நிறுத்தவில்லை. கீழே தள்ளி விலாவில் மிதித்தேன். செருப்புக் காலோடு மிதித்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்போது சுகமாக இருந்தது. படுத்தபடியே அவர் கைக்கு எட்டிய பித்தளைச் சொம்பை வீசினார். என் இடது புருவம் கிழிந்து கண்ணெல்லாம் ரத்தம். அக்கா நிலைப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நிறுத்து என்று சொல்லவில்லை, அடி என்றும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள்தான் என்னைப் பிடித்து இழுத்தார்கள். கார்டு உள்ளே இருந்தபடியே கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

அடிதடி என்றால் எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. யார் முதலில் ஆஸ்பத்திரியில் போய்ப் படுக்கிறார்களோ அவர் பக்கம்தான் கேசு நிற்கும். "நேரா கடலூர் பெரியாஸ்பத்திரிக்கு வுடு. அவுரு முந்திக்கிட்டா நீ உள்ள போவ" என்றான் சித்தப்பா மகன். தையல் போடும் முன் காயத்தைப் படம் எடுக்க வேண்டும் என்றான். செல்போனை எடுத்தவனை நான்தான் தடுத்தேன். செல்போன் படத்தை யார் மதிப்பார்கள் என்று கேமராவைக் கொடுத்தேன். ஒவ்வொரு இழையும் தெரிய வேண்டும் என்று, இருப்பதிலேயே பெரிய அளவான 'ரா'வுக்கு மாற்றிக் கொடுத்தேன். நேரே, பக்கவாட்டில், கிட்டத்தில் என்று எட்டுப் படங்கள் எடுக்கவைத்தேன். புகாரும் எழுதிக் கொடுத்தேன். சிதம்பரத்தில் மாமா டாக்டரிடம் பாத்ரூமில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னாராம்.

ஒரு வாரம் கழித்து அவரே போன் செய்தார். பல் போன வாயில் பேச்சு வழுக்கியது. "அண்ணாமலை நகர்ல ஒருத்தரு அழிஞ்ச போட்டோவ மீட்டுக் குடுக்குறாராம். கார்ட எடுத்துக்கிட்டு வா மச்சான்." மன்னிப்புக் கேட்காமல், வருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

மாணவர்கள் தங்கும் லாட்ஜுகளுக்கு நடுவில் இருந்தது கடை. தாடை வீங்கிய அவரும் புருவத்தில் தையலோடு நானும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். கடைக்காரர் எங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு எதுவும் கேட்காமல் கார்டைச் செருகினார்.

"ஃபார்மட் பண்ணி மொத்தமா அழிச்சாலும் படம் ஒன்னும் போவாது சார். உள்ள அப்படியேதான் கெடக்கும். அதுமேல புதுசா எதையாவது எடுத்தாதான் போச்சி, மொதப் படத்துலேர்ந்து மூடிக்கிட்டே வரும். இதுக்கப்பறம் எதுவும் எடுக்கலயே?"

இதையே நான் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். கார்டு அழிந்தால் கேமராவைத் தொடாதே என்பது என் தொழிலில் முதல் பாடம். என் கை தானாகப் புருவத்துத் தையலுக்குப் போனது.

திரையில் படங்கள் ஒவ்வொன்றாக வந்தன. முதலில் என் புருவம், எட்டுக் கோணத்தில், ஒவ்வொரு இழையும் தெளிவாக. அதில் ஒரு படம் கார்டில் அடைக்கும் இடம் பையனின் படங்கள் மூன்றுக்குச் சமம். அதற்குப் பிறகு ஒன்றிரண்டு வெறும் சாம்பல் நிறப் பட்டைகள். அப்புறம் வெள்ளைத் துணி, மரப்பெட்டி, குழி, மண். அவை ஒன்றுகூடக் கெடவில்லை. அவன் உயிரோடு இருந்த இருபத்தாறில் ஒன்றும் இல்லை.

மாமா என் புருவத்தை உற்றுப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. என் சட்டையைப் பிடித்துத் தரையில் தேய்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அவகிட்ட நீ ஒன்னும் சொல்லாத" என்றார், அவ்வளவுதான்.

வீட்டில் அக்கா வாசலிலேயே உட்கார்ந்து காத்திருந்தாள். "உசுரோட இருக்குறது எத்தினி வந்துது?" என்று என்னிடம்தான் கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் மாமா சொன்னார், "ஒன்னும் வரல. நான் அழிச்சதுல போயிடுச்சி." அக்கா எழுந்து வந்து அவர் வீங்கிய தாடையிலேயே அறைந்தாள். மறுபடியும் மறுபடியும் அறைந்தாள். வாயோரம் ரத்தம் வந்தது. அவர் கையைத் தூக்கித் தடுக்கவில்லை. நான் இரண்டடி தள்ளி நின்றேன். அடிக்க மட்டும் தைரியம் உள்ள ஆள் நான் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

புகாரைத் திரும்ப வாங்கிவிட்டேன். அதனால் ஒன்றும் மாறவில்லை. அக்கா இப்போது மாமாவோடு பேசுவதில்லை. ஒரே வீட்டில் ஆளுக்கொரு நேரம் சாப்பிடுகிறார்கள். நான் போனால் மட்டும் வஞ்சிரம் வாங்கிக் குழம்பு வைத்து, பக்கத்தில் உட்கார்ந்து பரிமாறுகிறாள். "எம் புள்ளைக்காக நீ ஒருத்தன்தான்டா கேட்ட" என்கிறாள். அந்தச் சோற்றையும் நான் சாப்பிட்டுவிட்டுத்தான் வருகிறேன்.

இது அச்சில் வந்ததும் முதலில் அவளிடம்தான் கொடுக்கப்போகிறேன். அக்கா, மாமா அழித்ததெல்லாம் திரும்பி வந்திருக்கும். பையனை அழித்தது நான்.