கியர் லிவருக்கு ஒரு செருப்பு

சூடான இன்ஜின் மேல் பால் துளி விழுந்து கருகும் வாசனையை நுகராதவர்களுக்கு அதைச் சொல்லிப் புரியவைப்பது கடினம். அடிப்பிடித்த பாயசம் மாதிரியும் இருக்கும், பெட்ரோல் மாதிரியும் இருக்கும். எண்பதுகளின் நடுவில் கிளியூரில் எங்கள் வீட்டு வாசலில் விடியும்போதெல்லாம் அந்த வாசனைதான். அப்பாவுக்குப் பால் வியாபாரம். சுற்றுப்பட்ட ஊர்களில் கறந்த பாலை, இரண்டு பக்கமும் கேன் கட்டிய புல்லட்டில் ஏற்றிக்கொண்டு போய், ஏற்காட்டில் ஒண்டிக்கடை முக்கைச் சுற்றியிருந்த ஹோட்டல்களுக்கும் டீக்கடைகளுக்கும் ஊற்றிவிட்டு வருவார். அந்த வண்டி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் ஒருவர் ஓட்டித் தேய்த்தது. எங்களிடம் வந்தபோதே கியர் லிவரில் ரப்பர் கிடையாது. விரல் தடிமனுக்கு வெறும் இரும்புதான் நீட்டிக்கொண்டிருந்தது. செருப்புப் போட்டு ஓட்டிய வரைக்கும் அப்பா அதைப் பொருட்படுத்தியதே இல்லை.

நான் ஒன்பதாவது தேறிய வருடம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம். குகைக்குள் குனிந்து போய்ச் சாமி கும்பிட்டுவிட்டு வெளியே வந்த அப்பா, கழற்றிப் போட்டிருந்த ரப்பர் செருப்பைக் காலில் மாட்டாமல் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார். அம்மா ஏனென்று கேட்டதற்கு, "பையன் பத்தாவது தாண்டற வரைக்கும் செருப்புப் போடறதில்லைன்னு வேண்டிக்கிட்டேன்" என்றார்.

"ஏனுங்க, படிக்கப்போறது அவன். காலு நோவறது உங்களுக்குங்களா?"

"எனக்குப் படிக்கத் தெரியாது. என்னால ஆனது இதுதான்."

எங்கள் இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் எனக்கு முன்னால் பள்ளிக்கூடப் படி ஏறியவர் எவருமில்லை. வீட்டுக்கு வந்ததும் செருப்பைச் சாக்குத் துணியில் சுற்றி, கூரைக்கடியில் பரண் மாதிரி இருந்த அட்டாலியில் வைத்துவிட்டார் அப்பா.

அந்தக் கால புல்லட்டில் கியர் வலது காலில் இருக்கும். கியரைக் கூட்டுவதற்கு லிவரை மிதித்தால் போதும். குறைப்பதற்குத்தான் கால் விரல்களை அதன் அடியில் விட்டு மேலே தூக்க வேண்டும். மேட்டில் வண்டி திணறும்போதெல்லாம், வளைவுக்கு வளைவு, கியரைக் குறைத்தாக வேண்டும். கிளியூரிலிருந்து ஏற்காட்டுக்குப் போகும் வழி முழுக்க மேடும் வளைவும்தான். விரல்களுக்கு மேலே, செருப்பின் வார் மூடிக் காத்துவந்த இடத்தில், இப்போது தூக்கும் ஒவ்வொரு தடவையும் இரும்பு உராய்ந்தது. மார்கழிக் குளிரில் அந்த இரும்பைத் தொட்டால் சுட்டது போலிருக்கும். கார்த்திகைக்குள்ளேயே விரல் மேல் தோல் கிழிந்து, ஆறுவதற்குள் மறுபடி கிழிந்து, நிரந்தரமாக ஒரு புண் வந்துவிட்டது. வண்டியைக் கிளப்ப மிதிக்கும் "கிக்கர்" திருப்பி உதைக்கும் நாட்களில் உள்ளங்காலும் கன்றிப்போகும். சாயங்காலம் அம்மா மஞ்சள் பற்றுப் போடும்போது, எதிரே புத்தகத்தை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எழுத்து ஒன்றும் மண்டையில் ஏறாது.

அம்மா ஒரு நாள் பழைய காலுறை ஒன்றைக் கொண்டுவந்து, இதையாவது மாட்டிக்கொள்ளுங்கள் என்றாள். அப்பா மாட்டேனென்று தலையை ஆட்டினார். "காலுக்கு எதைப் போட்டாலும் கணக்குதான். வண்டிக்கு வேணும்னா என்னத்தையோ போட்டுக்கட்டும்."

ஒண்டிக்கடையில் மெக்கானிக் கடை வைத்திருந்த அந்தோணி அண்ணனுக்கு இந்தத் தீர்ப்பு மிகவும் பிடித்துப்போனது. "அது சரிங்ண்ணா. நாங்க ஈஸ்டருக்கு முந்தி தவசு காலத்துல கறிய உட்டுப்போட்டு மீன வறுத்துத் தின்னுக்கறதில்லீங்களா, அந்தக் கணக்கு" என்றார். லிவருக்கு ரப்பர் ஒன்று சேலத்திலிருந்து வாங்கி வருவதாகச் சொன்னார். அந்த மாதிரி லிவருக்கு ரப்பர் அங்கே கிடைக்கவில்லையென்று இரண்டு தடவை வெறுங்கையோடு திரும்பினார்.

அதனால் நானே இறங்கினேன். முதலில் கோணியைக் கிழித்துச் சுற்றினேன். பனியில் நனைந்து கல்லாக இறுகிவிட்டது. காபி நாற்றுக்குத் தண்ணீர் விடும் ஓஸ் குழாயில் ஒரு துண்டை மாட்டினேன். பால் சிந்திய காலுக்கு அது வழுக்கியது. காய்ந்த பீர்க்கங்காய்க் கூட்டைக் கட்டியபோது இரண்டு நாள் மெத்தென்று இருந்தது, மூன்றாம் நாள் நார் நாராகப் பறந்தது. "பால்காரரு வண்டியத் தேச்சுக் குளிப்பாட்டறாரா?" என்று டீக்கடையில் கேட்டார்களாம். அப்பா சிரித்துக்கொண்டே வந்து சொன்னார். சொல்லும்போது காலை நொண்டிக்கொண்டு வந்தார்.

அன்று அட்டாலியில் ஏறினேன். திருட்டு என்று அப்போது தோன்றவில்லை. வலது செருப்பின் குதிகால் பக்கத்தை அரிவாள்மணையில் இரண்டு துண்டாக அறுத்து, லிவருக்கு மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக வைத்து, சைக்கிள் டியூபைக் கீற்றாக வெட்டி இறுக்கிக் கட்டினேன். கொஞ்சம் பருமனாகிவிட்டதால் கால் நுழைய இடம் போதவில்லை. கீழ்த்துண்டைச் சீவி மெல்லிசாக்கினேன். மீதிச் செருப்பைப் பழையபடி சாக்கில் சுற்றி வைத்தேன்.

மறுநாள் அப்பா வந்து வண்டியை நிறுத்தியதும் இறங்காமலே கூப்பிட்டார். "கண்ணு, ரப்பர் ஏது?"

"சைக்கிள் கடையில கெடந்துச்சுங்கப்பா."

"கியரு வெண்ணெயில உளுகற மாதிரி உளுகுது, சாமி."

ஹோட்டல்காரர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறார். "எம்பையன் பண்ணுனது" என்று அந்தோணி அண்ணனிடமும் காலைத் தூக்கித் தூக்கிக் காட்டியிருக்கிறார். புண் ஆறத் தொடங்கியது. எனக்குள் வேறொன்று தொடங்கியது. செருப்பின் மேல் கால் வைத்தால் அது செருப்புப் போட்டதாகாதா? வாசலில் வண்டி கிளம்பும்போதெல்லாம் இதே கேள்வி. அப்பா தினமும் தன் வேண்டுதலைத் தானே அறியாமல் உடைத்துக்கொண்டிருக்கிறார், உடைக்க வைத்தவன் நான். சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். ஆறிவரும் புண்ணைப் பார்த்ததும் வாய் வராது. அப்படியே பரீட்சையும் வந்தது. கணக்குப் பரீட்சையன்று வினாத்தாளை வாங்கியதும் மேல் வரிசையில் இருந்த எண்கள்கூட அந்த ரப்பர் துண்டு மாதிரியே கண்ணில் பட்டன.

முடிவு வந்த அன்று ஒண்டிக்கடை டீக்கடையில் பத்திரிகையை விரித்தோம். அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. என் விரல் நகரும் பக்கமெல்லாம் அவர் பார்வையும் நகர்ந்தது. என் எண் அதில் இல்லை. கணக்கில் மட்டும் போயிருக்கிறது என்று அப்புறம் தெரிந்தது. அப்பா கேன்களைக் கட்டிக்கொண்டு வண்டியை உதைத்தார்.

வீட்டு வாசலில் அவர் இறங்கியதுமே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அட்டாலி, அரிவாள்மணை, சைக்கிள் கடை என்று சொன்ன பொய், அதனால்தான் பெயிலானேன் என்ற முடிவு வரைக்கும். அம்மா உள்ளேயிருந்து வந்து, "அப்பங்காலு நோவக்கூடாதுன்னுதானுங்க பண்ணிப்போட்டான்" என்று எனக்கும் அவருக்கும் நடுவில் நின்றுகொண்டாள். அடி விழும் என்று நினைத்தாளோ என்னவோ. அப்பா வண்டிப் பக்கத்தில் குந்தி, அந்த ரப்பரைத் தடவி, குனிந்து மோந்து பார்த்தார்.

"சாமி அத்தன ஒசரத்துல குந்திக்கிட்டு எம்பட கியர் லிவரத்தான் பாத்துக்கிட்டு இருக்குதா? கணக்குல போனது நீ. அதைச் சாமி தலையில கட்டாத."

சொல்லிவிட்டு இடுப்பிலிருந்த சூரிக்கத்தியால் டியூப் கட்டை அறுக்க ஆரம்பித்தார்.

"அப்பறம் ஏனுங்கப்பா அவுக்கறீங்க?"

"சாமிக்குத் தெரியாம இருக்கலாம். எனக்குத் தெரிஞ்சுபோச்சில்ல."

அதற்குப் பிறகு அந்த லிவரில் எதையும் கட்ட அவர் விடவில்லை. அக்டோபரில் மறுபடி எழுதும் வரைக்கும் ஐந்து மாதம். அதில் பாதிக்கு மேல் மழை. விடிகாலையில் நான் கணக்கு நோட்டை விரித்து உட்காரும் நேரமும் அவர் வண்டி மேட்டில் ஏறும் நேரமும் ஒன்றாக இருக்கும். முதல் வளைவில் சத்தம் கனத்து, ஒரு கணம் அறுந்து, மறுபடி உயரும். அந்த அறுந்த கணத்தில் அப்பா காலைத் தூக்குகிறார் என்று எனக்குத் தெரியும். அடுத்த வளைவு. அதற்கடுத்தது. பனிக்குள் சத்தம் மங்கும் வரை கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, பென்சிலை எடுப்பேன். அப்படிப் போட்ட கணக்குகளில் பலவும் இன்றைக்கு வரைக்கும் மறக்கவில்லை.

தேறினேன். முதல் வகுப்பெல்லாம் இல்லை, தேறினேன், அவ்வளவுதான். அப்பா புதுச் செருப்பு ஒரு ஜோடி வாங்கிக்கொண்டு, என்னைப் பின்னால் உட்காரவைத்துச் சேர்வராயன் கோயிலுக்குப் போனார். குகைக்குள் தேங்காய் உடைத்து, வெளியே வந்து, செருப்பை மாட்டிக்கொண்டு நாலு எட்டு நடந்து பார்த்தார். வண்டி கிளம்பி முதல் வளைவில் கியரைக் குறைக்கப் போனார். வண்டி குலுங்கி நின்றது. மறுபடி உதைத்தார். அடுத்த வளைவிலும் அதே கதை. லிவரைத் தேடிக் கால் எங்கெங்கோ தட்டியது. மூன்றாவது தடவை நின்றதும் செருப்பைக் கழற்றிப் பின்னால் என்னிடம் நீட்டினார்.

"இதப் புடி கண்ணு. இதைப் போட்டா காலுக்குக் கண்ணு தெரிய மாட்டேங்குது."

பிறகு வண்டி இருந்த வரைக்கும் வெறுங்காலோடுதான் ஓட்டினார். புண் இருந்த இடம் காய்த்துக் கொட்டைப்பாக்கு மாதிரி கறுத்துப்போயிற்று. கோயிலுக்கு நடந்துபோக, கல்யாணத்துக்குப் போகச் செருப்பு உண்டு, வண்டிக்கு இல்லை.

இப்போது ஹோட்டல்களுக்குப் பால் பாக்கெட்டில் அடைத்து வேனில் ஏறிவருகிறது. புல்லட்டை விற்று நான்கு வருடமாகிறது. அந்தோணி அண்ணன் கடை இருந்த இடத்தில் படம் பிடித்துக் கழுவித் தரும் கடை வந்துவிட்டது. நான் சேலத்தில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். ஷூ போட்டுக்கொண்டுதான் வண்டி ஓட்டுகிறேன். நியூட்ரலில் இருக்கிறதா என்பதை மீட்டரில் எரியும் பச்சை விளக்கைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன்.

போன மாதம் ஊருக்குப் போனபோது அப்பா காலில் முள் ஏறியிருந்தது. கண் மங்கிவிட்டதால் அவரால் எடுக்க முடியவில்லை. வலது காலை என் மடியில் வைத்துக்கொண்டு ஊசியால் முள்ளை எடுத்தேன். எடுத்த பிறகும் காலை விடாமல், விரல்களுக்கு மேலே தேடினேன்.

"முள்ளுதான் வந்துருச்சே. இன்னும் என்ன கண்ணு பாக்கற?"

"இங்க காச்சிருந்துச்சுங்களேப்பா."

"அது வண்டி போனப்பவே போயிருச்சு" என்றார்.

உண்மைதான். தழும்புகூட இல்லை, அந்த இடம் கைக்குழந்தையின் பாதம் மாதிரி மெத்தென்றிருந்தது. நான் கட்டை விரலால் தடவிக்கொண்டே இருந்திருக்கிறேன் போல. அப்பாவுக்குக் கூசியிருக்க வேண்டும், காலை மெதுவாக இழுத்துக்கொண்டார்.