வாசலில் நிற்கக் கூலி

ஊர்விட்டு வந்து பென்டில் ஹில்லில் நாங்கள் வாங்கிய வீட்டுக்கு இரண்டு குசினிகள் இருந்தன. வீட்டோடு வந்த சமையலறை ஒன்று. வெள்ளை அலுமாரிகளோடு விருந்தாளிகள் பார்ப்பதற்கானது. மற்றதை கராஜுக்குள் நாங்களே அமைத்தோம். ஒரு பழைய காஸ் அடுப்பு, ஒரு தண்ணீர்த் தொட்டி, உட்கார இரண்டு கதிரைகள். மீன் பொரிப்பதும் மிளகாய்த்தூளுக்கு வறுப்பதும் அங்கேதான். அத்தனை வருடமும் கார் வெயிலில் நின்றது, அடுப்பு நிழலில் நின்றது. அதில் எனக்கு ஒரு வெட்கமும் இருந்ததில்லை.

2008இல் அந்த வீட்டை விற்க வேண்டி வந்தது. என் கணவருக்கு முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. ஹோம்புஷில் லிப்ட் உள்ள ஒரு பிளாட்டைப் பேசி முற்பணமும் கட்டிவிட்டோம். மீதியைக் கிறிஸ்மஸுக்கு முன் கட்ட வேண்டும். அதற்குள் வீடு விற்காவிட்டால் பிளாட்டும் போகும், முற்பணமும் போகும். பலருக்கு வேலை பறிபோய்க்கொண்டிருந்த காலம் அது. எங்கள் தெருவிலேயே விற்பனைப் பலகைகள் மாதக்கணக்கில் அசையாமல் நின்றன.

ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் கண்ணாடி முகப்போடு கடை வைத்திருந்த, வீடு விற்றுக்கொடுக்கும் ஏஜென்டை என் கணவர் கூட்டிவந்தார். ஏஜென்ட் அவருக்குக் கைகொடுத்தார், எனக்குத் தலையை மட்டும் ஆட்டினார். வீட்டுக் கடனில் பாதிக்கு மேல், செவன் ஹில்ஸ் தொழிற்சாலையில் நான் கால்கடுக்க நின்று பெட்டி கட்டிய கூலியில் அடைத்தது. அது அவருக்குத் தெரிய நியாயமில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

அறை அறையாகப் பார்த்து, என்ன விலைக்குப் போகும் என்று சொன்னார். மாதா படத்தைக் கழற்றச் சொன்னார். கல்யாணப் படத்தையும் கழற்ற வேண்டுமாம். வீடு பார்க்க வருகிறவர்கள் அங்கே தங்களைத்தான் நினைத்துப் பார்க்க வேண்டும், எங்களை அல்ல. கராஜில் அடுப்பைக் கண்டதும் அவர் முகம் சுருங்கியது. “ஸ்டோரேஜ், ஸ்டோரேஜ்” என்று என் கணவர் அவசரமாகச் சொன்னார். அந்த இடத்திலேயே எனக்குக் கோபம் வந்துவிட்டது. அடுப்பைப் பிடுங்கி எறியுங்கள், சனிக்கிழமை ஆட்கள் வரும் நேரத்தில் நீங்கள் இருவரும் எங்காவது போய்விடுங்கள் என்றார் ஏஜென்ட்.

கமிஷன் நூற்றுக்கு இரண்டரை. படம், விளம்பரம், வாசல் பலகை எல்லாம் தனிக் கணக்கு. வீடு விற்காவிட்டாலும் அந்தத் தனிக் கணக்கைக் கட்ட வேண்டும். என் கணவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். இதற்கெல்லாம் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்டேன். கதிரை வாய் திறந்ததைப் போல ஏஜென்ட் திரும்பிப் பார்த்தார். சனிக்கிழமைகளில் வாசலில் நிற்பேன், வருகிறவர்களின் பெயரும் போன் நம்பரும் எழுதி வாங்குவேன், விலை பேசுவேன் என்றார்.

அவர் நீட்டிய ஒப்பந்தத்தில் இன்னொன்றும் இருந்தது. ஒப்பந்தக் காலம் முடியும்வரை, அடுத்த வீட்டுக்காரருக்கு நானே விற்றாலும் கமிஷன் அவருக்குத்தான். என் கணவர் பேனாவைத் திறந்துவிட்டார். நான் அதை வாங்கி மூடிவைத்தேன். என் வீட்டு வாசலில் நிற்க எனக்குத் தெரியாதா?

இன்டர்நெட்டில் வீடு விற்கலாம் என்று சொன்னவன் எங்கள் மகன். வீடு தேடுகிறவர்கள் எல்லோரும் பார்க்கும் தளத்தில் ஒரு நிறுவனம் விளம்பரத்தைப் போட்டுவிடும், பலகையையும் அனுப்பிவிடும். ஏஜென்ட் படத்துக்கும் விளம்பரத்துக்கும் மட்டும் கேட்ட காசுக்குள் அத்தனையும் முடிந்துவிடும். ஆனால் போன் எடுப்பதும் ஆட்களுக்குக் காட்டுவதும் விலை பேசுவதும் நம் வேலை. வீடு விற்காவிட்டால் அந்தக் காசும் திரும்பி வராது. ஏஜென்டிடம் சரக்கு இல்லை என்று நான் சொல்லமாட்டேன். வாங்குகிற ஆட்களை அவருக்குத் தெரியும், பேரம் பேசவும் தெரியும். ஆனாலும் என்னை ஒளித்துவைத்து என் வீட்டை விற்பதற்கு நானே கூலி கொடுப்பதா?

“இஞ்சேரப்பா, உனக்கென்ன விசரே? ஏஜென்ட் பிடிக்கவும் வழியில்லை எண்டெல்லோ சனம் நினைக்கும்” என்றார் என் கணவர்.

“சனமே எங்கட கடனைக் கட்டினது?”

“உன்ர இங்கிலீசை வைச்சுக்கொண்டு விலை பேசப் போறியோ?”

அது சுட்டது. “ஓம், இதே இங்கிலீசுதான்” என்று சொல்லிவிட்டு மகனிடம் போனேன். அவன் விளம்பரத்துக்கு விசாலம், வெளிச்சம் என்று ஏதோ தட்டிக்கொண்டிருந்தான்.

“ரெண்டு குசினி எண்டு போடு. ஒண்டு பார்க்க, ஒண்டு மீன் பொரிக்க.”

“அம்மா, யூ கான்ட் ரைட் தட்!”

“போடு எண்டுறன்.”

போட்டான்.

பலகை வந்தது. அதில் பல்லைக் காட்டும் ஏஜென்டின் முகம் இல்லை. என் கணவர் வெளியே வர மறுத்ததால் நானே சுத்தியலால் அடித்து நட்டேன். கொஞ்சம் சரிந்துதான் நின்றது. நிற்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

முதல் சனிக்கிழமை வந்தவர் ஒரே ஒருவர். அதே ஏஜென்ட். சும்மா பார்க்க வந்தாராம். பெயரையும் போன் நம்பரையும் எழுதிவிட்டு உள்ளே வாருங்கள் என்று கொப்பியை நீட்டினேன். அவருடைய சட்டம்தானே! எழுதினார். அலுத்துப்போனால் கடைக்கு வாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதன்பின் ஆட்கள் வந்தார்கள், கராஜை எட்டிப் பார்த்தார்கள், சிரித்தார்கள். ஒருத்தி மூக்கைப் பொத்தினாள். யாரும் திரும்பி வரவில்லை. குளிர்பெட்டிக் கதவில் ஏஜென்டின் கார்டை என் கணவர் ஒட்டிவைத்தார். நான் பயந்துபோனேன். முற்பணம் போனால் என் பிடிவாதத்தால் போனது என்றுதான் ஆகும். ஆனாலும் அடுத்த சனிக்கிழமையும் மாதா படத்தைத் துடைத்து அதே இடத்தில் மாட்டிவிட்டு வாசலில் நின்றேன்.

அன்று மோல்டா நாட்டிலிருந்து வந்து குடியேறிய ஒரு அம்மா வந்தார். பக்கத்துத் தெருவில் இருப்பவர், மகளுக்கு வீடு தேடுகிறவர். அறைகளைத் திரும்பியும் பார்க்கவில்லை. “எங்கே அந்த மீன் குசினி?” என்று கேட்டார். கராஜுக்குப் போய் அடுப்பைப் பற்றவைத்து, நெருப்பின் மேல் உள்ளங்கையைப் பிடித்துப் பார்த்தார். தன் வீட்டுக் கராஜிலும் ஒரு அடுப்பு இருக்கிறதாம். அது இல்லாத வீட்டில் மகள் எப்படிச் சமைப்பாள் என்று என்னிடமே கேட்டார்.

மறுநாள் மகளோடு வந்தார். இரண்டு கதிரைகளிலும் நாங்கள் உட்கார்ந்து பேரம் பேசினோம். அவர் குறைத்தார், நான் மறுத்தேன். அவர் எழும்பினார், நான் தேத்தண்ணி ஊற்றினேன், மறுபடி உட்கார்ந்தார். அவருடைய இங்கிலீஷும் என்னுடையதைப் போலத்தான். ஒரு சொல்லும் வீண்போகவில்லை. ஏஜென்ட் சொன்ன விலைக்குக் கொஞ்சம் கீழே முடித்தோம். கமிஷனைக் கழித்துப் பார்த்தால் எங்கள் கையில் அதைவிடக் கூடவே நின்றது. அந்த அம்மா கேட்டது ஒரே ஒரு நிபந்தனை: அடுப்பைக் கழற்றக் கூடாது.

கிறிஸ்மஸுக்கு முன்பே சாவி கொடுக்கும் நாள் வந்தது. அன்று காலையில் அவர் கடைசியாக ஒருமுறை வீட்டைப் பார்க்க வந்தார். நான் கராஜில் அந்த அடுப்பில் கடைசி மீனைப் பொரித்துக்கொண்டிருந்தேன். யார் கதவைத் திறப்பது என்று நினைக்கும்போதே ஊன்றுகோல் சத்தம் கேட்டது. என் கணவர் வாசலுக்குப் போய் நின்றார்.

“கம் இன், கம் இன். மை வைஃப் இஸ் இன் த கிச்சன்.”

“எந்தக் கிச்சன்?” என்று அந்த அம்மா இங்கிலீஷில் கேட்டது எனக்குக் கேட்டது.

“த ரியல் ஒன்” என்றார் என் கணவர்.