ஸ்டெல்லா அக்கா வரிசையில் நின்ற ஞாயிறு

ஸ்டெல்லா அக்கா போய்விட்டார். காலையில் அந்தமானின் ரங்கத் ஊரிலிருந்து போன்... ஹார்ட் அட்டாக்.

ரங்கத்தில் ஒரே ஆபீஸ், ஒரே ரூம், பக்கத்துப் பக்கத்து டேபிள். ஒன்பது வருஷம். நாகர்கோவில் தமிழையும் அந்தமான் இந்தியையும் கலந்துகட்டி அடிக்கும் வாய் அவருக்கு.

அந்த வாய்தான் ஒருநாள் எல்லார் முன்னாலும், "சிலோன் தோட்டத்துல இருந்து வந்ததுக்கெல்லாம் ஃபைல் வைக்கத் தெரியுமா?" என்று என்னைக் கேட்டது. ஒரு ஃபைல் காணாமல் போனதற்காக.

என் அப்பா அம்மா சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து இங்கே ரப்பர் தோட்ட வேலைக்கு வந்தவர்கள். என்னை மட்டும் திட்டியிருந்தால் பொறுத்திருப்பேன்.

மறுநாள் ஃபைல் அக்காவின் டிராயரிலேயே கிடைத்தது. நான் பேச்சை நிறுத்தினேன். பேப்பர் கொடுக்க வேண்டுமென்றால் பியூனிடம் கொடுத்தனுப்புவேன்... பக்கத்து டேபிளுக்கு!

ஒரு ஞாயிறு காலை, சர்ச்சுக்குப் போகிற சேலையோடு என் வீட்டு கேட்டில் வந்து நின்றார். "தப்புதான் பிள்ள. மாஃப் கர்."

"உங்களுக்குப் பூசைக்கு நேரமாச்சு, போங்க" என்றேன். கேட்டைத் திறக்கவில்லை.

நாலு மாசம் கழித்து மார்க்கெட்டில் அக்காவின் வீட்டுக்காரரைப் பார்த்தேன். "அன்னையில இருந்து இவ பூசையில நற்கருணை அப்பம் வாங்கலம்மா. எல்லாரும் எந்திச்சுப் போவாங்க, இவ மட்டும் பெஞ்சுல இருப்பா. ஒன்கூட ராசியாகாம எப்படி வாங்கன்னு கேக்கா."

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். திட்டியது அவர், பாவம் என் தலையிலா?

ஆனால் நாலு மாசம் பக்கத்து டேபிளில் உட்கார்ந்துகொண்டு அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லையே இந்த மனுஷி... அது என்னை என்னவோ பண்ணிவிட்டது.

அடுத்த ஞாயிறு போனேன். சர்ச்சுக்குள் போவது அதுதான் முதல் தடவை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே கால் வைக்கிறேன்... ஃபாதர் இந்தியில் ஏதோ சொல்ல, கடைசி வரிசை மொத்தமும் என் பக்கம் திரும்பிக் கைகூப்பியது. ஒரு ராஞ்சிக்கார அம்மா, "சாந்தி, பேட்டி" என்றார், சமாதானம் மகளே என்று.

ஐயோ, நம்ம சண்டை ஊருக்கே தெரிந்துவிட்டது என்று வெலவெலத்துப் போனேன். நற்கருணைக்கு முன்னால் வாராவாரம் எல்லாரும் ஒருவருக்கொருவர் அப்படிச் சமாதானம் சொல்வார்கள் என்று எனக்கென்ன தெரியும்!

அக்கா திரும்பிப் பார்த்தார். பெஞ்சை விட்டு நேராக என்னிடம் வந்துவிட்டார்.

"கோபம் முழுசா போகலக்கா" என்றேன். அந்த இடத்தில் பொய் சொல்ல வரவில்லை.

"போகாட்டியும் வந்தியே பிள்ள." என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அப்புறம் போய் நற்கருணை வரிசையில் கடைசி ஆளாக நின்றார். நான் வாசலிலேயே நின்று அழுதேன். வெட்கமெல்லாம் இல்லை.

போர்ட் பிளேர் பக்கம் கராச்சர்மாவுக்கு நான் குடிவந்த பிறகும் போன் வரும். முதல் கேள்வியே, "போச்சா பிள்ள?"

"இன்னும் கொஞ்சம் இருக்கு" என்பேன். விழுந்து விழுந்து சிரிப்பார். போன வாரம்கூட அதையேதான் சொன்னேன். அவர் மறுபடி கேட்க வேண்டும் என்பதற்காகவே சொன்னேன்.

நாளை அடக்கம். முதல் பஸ்ஸில் வருகிறேன்.

எப்பவோ போச்சுக்கா... நீங்க சமாதானமா போங்க.