பிரித்த பங்கைப் பிரித்தது

தில்லையம்மாளுக்குத் தறி நெய்யத் தெரியும், தேவாரம் பாடத் தெரியும். பிரித்த பங்கை மறுபடியும் எப்படிப் பிரிப்பது என்பதுதான் அந்தப் பங்குனியில் அவளுக்குப் பிடிபடவேயில்லை.

உற்சவத்தில் சாமி அவள் இருக்கும் தெருவுக்கு வருகிற சாயங்காலம், மாலை சாத்தி, சுண்டல் படைக்கிற மண்டகப்படி அவள் புகுந்த குடும்பத்துக்குப் பாத்தியதை. கொள்ளுத்தாத்தா காலத்தில் எல்லாம் ஒரே வீடு. அப்புறம் ஒரு வருஷம் மூத்தவர் வகையறா, ஒரு வருஷம் இளையவர் வகையறா என்று ஆனது. தில்லையம்மாள் இளையவர் வகையறாவில் வாழ்க்கைப்பட்டவள். மாமனார் போன பிறகு வருகிற முதல் முறை இது. அவருக்கு மகன்கள் இரண்டு பேர். ஒருவன் அவள் புருஷன் தினகரன். இன்னொருவன் அவன் தம்பி, செவிலிமேட்டில் வீடு கட்டிக்கொண்டு போன ஏகாம்பரம்.

"உங்களுக்குள்ள பிரிச்சுக்கோங்கம்மா," என்று சொல்லிவிட்டார் மூத்தவர் வகையறாவில் பெரியவரான கலியாணசுந்தரம்.

பிரிப்பது என்றால் அவள் கண்டதெல்லாம் வீட்டுக்கு நடுவே சுவர் வைத்ததும், பிரசாத வடையைக் கிள்ளிக் கிள்ளி எல்லார் கையிலும் வைப்பதும்தான். சாமி வாசலில் நிற்கிற கொஞ்ச நேரத்தை எங்கே கிள்ளுவது? வருஷத்தைப் பிரிக்கலாம் என்றான் தினகரன். அப்படியானால் நாலு வருஷத்துக்கு ஒரு தடவைதான் நம் கையால் சாமிக்கு. அதற்கு அவள் மனசு ஒப்பவில்லை. நம் முறையில் சாமி ஒரு குறையோடு வாசலைத் தாண்டக்கூடாது, அவள் வேண்டிக்கொண்டது அவ்வளவுதான்.

ஏகாம்பரத்தின் பெண்டாட்டி அகிலாவுக்குப் போன் போட்டாள். மாலை ஒருத்தர், சுண்டல் ஒருத்தர் என்று பேச்சு வந்தது.

"நீங்க பெரியவங்க, எது சொன்னாலும் சரிக்கா."

"உனக்கு எது தோதுப்படுது, நீ சொல்லும்மா."

"உங்களுக்குத் தெரியாததாக்கா?"

"சரி, அப்படியே செஞ்சிடலாம்."

எப்படியே என்று போனை வைத்த பிறகுதான் யோசித்தாள். மாலைதான் மரியாதை. அது சின்னவளுக்கே இருக்கட்டும் என்று கொண்டைக்கடலையை ஊறப் போட்டாள். திரும்பக் கேட்டால் மாலைக்கு ஆசைப்படுகிற மாதிரி இருக்குமே என்று கேட்கவுமில்லை.

அன்றைக்கு அகிலா ஏகாம்பரத்தோடு ஆட்டோவில் வந்து இறங்கினாள், கையில் பெரிய தூக்கு.

"மாலை எங்கம்மா?"

"நீங்கதானேக்கா மாலை?" அகிலா தூக்கைத் திறந்தாள். அதிலும் கொண்டைக்கடலை.

மேளம் தெருமுனைக்கு வந்துவிட்டது. அகிலாவின் கை தலைப்பூவுக்குப் போனது.

"வச்ச பூவைச் சாமிக்கா?" என்று தட்டிவிட்டாள் தில்லையம்மாள்.

"நல்லாத்தான் பிரிச்சிக்கினீங்க," என்றபடி வந்தார் கலியாணசுந்தரம். அவர் கையில் ஒரு மாலை. "எங்க முறை இல்லதான். வெறுங்கையோட வர மனசு வரல."

இந்த மாலையைச் சாத்தினால் இது நம் முறையா, அவங்க முறையா? யோசிப்பதற்குள் சாமி வாசலில் வந்து நின்றுவிட்டது.

"குடுங்க மாமா," என்று வாங்கிக் குருக்களிடம் நீட்டினாள்.

"யார் பேருக்கு?"

மாலை அவங்களுது. சுண்டல் ரெண்டு வீட்டுது. கொள்ளுத்தாத்தா பேரைச் சொன்னால் எல்லாருக்கும் பொதுவாய்ப் போகும் என்று தோன்றியது. ஆனால் பேர் தெரியவில்லை. புருஷனைப் பார்த்தாள். தினகரன் தம்பியைப் பார்த்தான். தம்பி கலியாணசுந்தரத்தைப் பார்த்தான்.

"எங்கப்பா வெறும் தாத்தான்னுதான் சொல்வாரு," என்றார் அவர்.

குருக்கள் சிரித்துவிட்டார். "குடும்பத்துக்குன்னே சொல்லிடறேன்."

மாலை ஏறியது. தீபாராதனை ஆகி, சாமி நிறைவாகத்தான் வாசலைத் தாண்டியது. தில்லையம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கும்பிட்ட கை இறங்கியும் குழப்பம் இறங்கவில்லை.

"மாமா, அப்போ அடுத்த வருஷம் உங்களுதா, எங்களுதா?"

"மொதல்ல சுண்டலைப் போடும்மா," என்று தொன்னையை நீட்டினார் கலியாணசுந்தரம்.

எந்தப் பாத்திரத்திலிருந்து போடுவது என்று தெரியாமல், அவள் கரண்டியோடு அகிலாவைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.