ஒரு கம்ப்யூட்டருக்கு ஒரு நாற்காலி

ஆன்லைன் வகுப்பை ஏதோ நேற்றுத்தான் கண்டுபிடித்தது மாதிரி யாராவது பேசினால் எனக்குச் சிரிப்பு வந்துவிடும். போங்கப்பா! தொண்ணூறுகளிலேயே பிரிக்ஃபீல்ட்ஸில், பூக்கடைக்கு மேலே இரண்டாம் மாடியில், கீ கீ என்று கத்தும் ஒரு மோடத்தை வைத்துக்கொண்டு நாங்கள் அதைச் செய்திருக்கிறோம். பெருமைக்குத்தான் சொல்கிறேன். இதற்குப் பெருமைப்படாமல் வேறு எதற்குப் படுவதாம்?

எங்கள் கல்லூரியில் வணிக டிப்ளோமா நடத்தினோம். நான் அங்கே மார்க்கெட்டிங் பாடம் எடுத்தேன். வருகிறவர்கள் எல்லோரும் பகலில் வேலை பார்ப்பவர்கள். வாரத்தில் மூன்று நாள் சாயங்கால வகுப்பு. கிளார்க்குகளுக்கு அது சரி. சுங்கை வே பக்கத்து எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலைப் பெண்களுக்கு எப்படிச் சரிப்படும்? ஒரு வாரம் காலை ஷிஃப்ட், மறுவாரம் ராத்திரி ஷிஃப்ட். ஒரு மாதம் ஆசை ஆசையாக வருவார்கள், பிறகு ஆளையே காணோம். கெட்டிக்காரப் பிள்ளைகள். ஒவ்வொரு படிப்புத் தவணையும் அந்தக் காலி இடங்களைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரியும்.

அதனால்தான் அந்த யோசனை. இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் நேரில் வகுப்பு. மற்றதெல்லாம் கம்ப்யூட்டர் வழியாக. பாடத்தையும் ஒரு வியாபாரப் பிரச்சினையையும் நான் கல்லூரிக் கம்ப்யூட்டரில் போட்டு வைப்பேன். அவர்கள் டெலிபோன் லைனில் மோடம் போட்டு உள்ளே வந்து படிப்பார்கள், பதில் எழுதுவார்கள், அடுத்தவர் பதிலோடு சண்டை பிடிப்பார்கள். பாதி வகுப்பில், பாதி கம்ப்யூட்டரில் வணிகம் படித்தால் படிப்பு ஏறுமா, ஏறாதா? அதையே என் மாஸ்டர்ஸ் ஆய்வாகவும் எடுத்துக்கொண்டேன்.

பிரின்சிபலைச் சம்மதிக்க வைத்தது தனிக்கதை. யாழ்ப்பாணத்துக் குடும்பம், அரசாங்க உத்தியோகத்திலிருந்து ரிட்டையர் ஆனவர். சட்டைப்பையில் இரண்டு பேனா, வாயில் எப்போதும் "ஆதாரம் என்ன?" என்ற ஒரே கேள்வி. கடைசியில் ஒரு தவணைக்கு மட்டும் ஒத்துக்கொண்டார்.

"ஆக்கள் வந்து படிச்சால் நடக்கட்டும் பிள்ளை. வரேல்லையெண்டால் தவணை முடிய இழுத்து மூடிப்போடுவன். பிறகு எல்லாரும் பழையபடி பின்னேர வகுப்புக்குத்தான் வரவேணும்."

பழையபடி என்றால் சுங்கை வே பெண்களின் படிப்பு அத்தோடு சரி. அது எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும்.

கல்லூரியின் கம்ப்யூட்டர் அறை அவருடைய கோயில். ஏர்கண்டிஷன் போட்டு, செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். கதவில் அவர் கையாலேயே எழுதிய ஒரு அட்டை: ஒரு கம்ப்யூட்டருக்கு ஒரு நாற்காலி, ஒரு மாணவர். இரண்டு பேர் ஒன்றாகக் குனிந்து பார்ப்பது கண்ணில் பட்டால் போதும், "ஆர் இந்தக் கதிரையை இஞ்ச கொண்டு வந்தது?" என்று கேட்டபடி உள்ளே வந்து, அந்த மேலதிக நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு போய்விடுவார். நாற்காலி அவர் வாயில் கடைசிவரை கதிரைதான்.

பாதித் தவணையில் கணக்குப் பார்த்தோம். யார் யார் உள்ளே வந்தார்கள் என்று மெஷினே சொல்லிவிடும். கிள்ளான், சுபாங் ஜெயா ஊர் ஆட்கள் ஓரளவு வந்திருந்தார்கள். சுங்கை வேயில் சேர்ந்தவர்கள் ஏழு பெண்கள். ஏழு பேருக்கும் தனித்தனி பாஸ்வேர்ட் கொடுத்திருந்தேன். உள்ளே வந்தது ஒரே ஒரு பெயர். மற்ற ஆறு பேர் ஞாயிறு வகுப்புக்கு வந்தார்களே தவிர, கம்ப்யூட்டரில் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. என் ஆய்வுக் கேள்வித்தாளில் 'வீட்டில் கம்ப்யூட்டர் இருக்கிறதா' என்ற இடத்திலும் அந்த ஆறு பேரும் இல்லை என்றே போட்டிருந்தார்கள்.

பிரின்சிபல் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "ஆருக்காக இதைத் தொடங்கினீரோ அவையே வரேல்லை. பிறகு என்னத்துக்கு?"

மெஷின் கொடுத்த பட்டியலைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

ஆனால் ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. உள்ளே வந்துகொண்டிருந்த அந்த ஒரு பெண் இருக்கிறாளே, என்ன பெண்ணப்பா அவள்! ஒரு வாரம் அளந்து வைத்த ஆங்கிலத்தில் எழுதுவாள். மறுவாரம் பாதி மலாயில் எழுதி, ஊடே கிண்டலும் அடிப்பாள். அதற்கடுத்த வாரம் ஒரே கணக்காகப் போட்டுத் தள்ளுவாள். வகுப்பில் பார்த்தால் எப்போதும் சிரித்த முகம், வேறு ஒன்றும் வித்தியாசமில்லை. சரி, நேரில் போய்ப் பார்த்துவிடுவோம் என்று வகுப்பில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை காரை எடுத்துக்கொண்டு சுங்கை வேக்குப் போனேன்.

வரிசை வீடு. வாசலில் ஒரு குவியல் செருப்பு. ஐயோ, ஏதாவது விசேஷ வீட்டில் வந்து மாட்டிக்கொண்டோமா என்று நினைத்துக்கொண்டே எட்டிப் பார்த்தேன். ஹாலில் அவள் அண்ணன் செகண்ட்ஹாண்டில் வாங்கிக் கொடுத்த கம்ப்யூட்டர். அதன் தலையில் பூப்போட்ட துணி. அதற்கு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலி, பிரம்பு நாற்காலி, சமையலறை முக்காலி, பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய மடக்கு நாற்காலி என்று ஏழு இருக்கை. ஏழிலும் என் ஏழு பெண்கள்! ஒருத்தி திரையைப் பார்த்து ஆங்கிலத்தில் படிக்க, இன்னொருத்தி அதைத் தமிழில் சொல்ல, ஒருத்தி கால்குலேட்டரும் கையுமாக இருக்க, எல்லோரும் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள். மீன் பாசாரின் சந்தைக் கூச்சல் கெட்டது போங்கள்.

என்னைப் பார்த்ததும் ஏழு பேரும் துள்ளி எழுந்தார்கள்.

"நீங்க எல்லாரும் படிக்கவே இல்லன்னு நான் அங்க திட்டு வாங்கிட்டு வரேன்! ஏன்டி என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?" என்று கத்தினேன்.

"நீங்க கேக்கவே இல்லலா மிஸ்!" என்றாள் வீட்டுக்காரி. "வீட்ல கம்ப்யூட்டர் இருக்கான்னு கேட்டீங்க. அவங்க வீட்ல இல்லதானே? என் வீட்லதானே இருக்கு."

பாஸ்வேர்ட் விஷயம் அதைவிட அழகு. மாதாமாதம் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு, முறை வைத்து மொத்தத்தையும் ஒருவர் எடுக்கும் கூட்டு அவர்கள் தொழிற்சாலையில் நடக்கும். அதை நடத்துகிறவரைத் தலை என்பார்கள். படிப்பையும் இவர்கள் அப்படியே கட்டிவிட்டார்கள். போன் லைன் இருக்கிற வீட்டுக்காரிதான் தலை, அவள் பாஸ்வேர்ட் போதும். வாரம் ஒருத்தி முறை எடுத்து டைப் அடிப்பாள். அந்த வாரம் யாருக்கு ராத்திரி ஷிஃப்டோ அவள் தூங்கி எழுந்து வரும்வரை காத்திருப்பார்கள். தனித்தனியாகத் திறக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை. படிப்பை ஒருத்தி மட்டும் தனியாக உட்கார்ந்து எதற்குச் செய்ய வேண்டும் என்றுதான் திருப்பிக் கேட்டார்கள்.

எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, தலைகால் புரியாத சந்தோஷத்தோடு வீடு வந்து சேர்ந்தேன்.

மறுநாள் பிரின்சிபலிடம் மூச்சுவிடாமல் சொன்னேன். அவர் முகம் இறுகிப்போனது.

"இது களவெல்லோ பிள்ளை? ஒரு ஆள் எழுதுறது, மற்ற ஆக்கள் பாத்துக்கொண்டு இருக்கிறது. ஏழு பேருக்கும் என்னெண்டு மார்க்ஸ் போடுறது? இப்படியெண்டால் மூடுறது மட்டுமில்லை, அவையின்ர பேரையும் வெட்டவேணும்."

போச்சுடா! வராதவர்கள் என்று இருந்தவர்களை நானே போய்க் களவு செய்தவர்கள் ஆக்கிவிட்டு வந்திருக்கிறேன். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. "ஆதாரம் கேப்பீங்கல்ல சார்? வந்து பாருங்க. வராமலே வெட்டாதீங்க" என்றேன். அப்படி யாரும் அவரிடம் பேசியதில்லை. என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு, "ஓம், வந்து பாக்கிறன்" என்றார்.

அடுத்த வகுப்பில்லாத ஞாயிறு என் காரிலேயே கூட்டிக்கொண்டு போனேன். பெண்கள் ஏழு பேரும் கோயிலுக்குப் போகிற மாதிரி உடுத்தி, பேய் அறைந்த முகத்தோடு நின்றார்கள். அவர் உட்காரவில்லை. அந்த வாரத்துப் பிரச்சினையை நான்தான் எழுதியிருந்தேன். தொழிற்சாலை வாசலில் ஒரு அம்மா தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக் விற்கிறார். உள்ளே இருக்கும் கேன்டீன்காரர், தினமும் உன் சரக்கு மொத்தத்தையும் நானே எடுத்துக்கொள்கிறேன், விலையைக் குறைத்துக் கொடு என்கிறார். அந்த அம்மா ஒத்துக்கொள்ளலாமா? ஒத்துக்கொள்ளலாம் என்று அவர்கள் ஏற்கெனவே பதில் அனுப்பியிருந்தார்கள்.

பிரின்சிபல் ஒவ்வொருத்தியாகத் தனியே கார் போர்ச்சுக்குக் கூப்பிட்டுக் கேட்டார். ஒருத்தி சரக்கு வீணாகாது என்றாள். ஒருத்தி மழை நாளில் யார் வாசலில் நிற்பது என்றாள். ஒருத்தி விலையைக் குறைக்காமல் அளவைக் குறைக்கலாமே என்றாள். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நான் கதவோரம் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

கடைசியாக, வகுப்பில் வாயே திறக்காத பெண். முறை வந்தாலும் டைப் அடிக்கப் பயந்து, மாற்றிவிடச் சொல்லிக் கெஞ்சுகிறவள். இவளும் அனுப்பிய பதிலையே சொல்லிவிட்டுப் போகட்டும், கடவுளே, என்று வேண்டிக்கொண்டேன்.

"ஒத்துக்கக் கூடாது சார்" என்றாள்.

"நீங்கள் ஒத்துக்கொள்ளலாம் எண்டெல்லோ எழுதியிருக்கிறியள்?"

"அது அவங்க எழுதினது சார். அன்னைக்கே நான் ஒத்துக்கல. இப்பவும் ஒத்துக்க மாட்டேன். நாளைக்கு கேன்டீன்காரன் வேணாம்னுட்டா வாசல் ஆளுங்க திரும்ப வருவாங்களா? கிட்டத்துல இருக்கிற கடைக்கு மாறிப் போயிருப்பாங்க."

உள்ளேயிருந்து, "அதுக்குத்தான் ஒப்பந்தம் எழுதி வாங்கிக்கணும்னு சொன்னோமே!" என்று ஒரு குரல். "எழுதி வாங்கினா மட்டும்?" என்று இவள் திரும்பிக் கத்தினாள். அவ்வளவுதான், ஏழு பேரும் போர்ச்சுக்கு வந்துவிட்டார்கள். பிரின்சிபல் வந்திருப்பதையே மறந்து அடித்துக்கொண்டார்கள். அவரும், "கொஞ்சம் பொறுங்கோ, ஒப்பந்தம் எத்தனை காலத்துக்கு?" என்று நடுவில் நுழைந்தார். யாரோ இழுத்துப் போட்ட முக்காலியில் எப்போது உட்கார்ந்தார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

களவு செய்கிறவர்கள் இப்படியா சண்டை போடுவார்கள்? என் பெண்களை நினைத்து அன்றைக்கு நெஞ்சு நிமிர்ந்த மாதிரி அதற்கு முன்னும் நிமிர்ந்ததில்லை, பின்னும் இல்லை. ஆனால் திரும்பும் வழியெல்லாம் மனிதர் சட்டைப்பைப் பேனாவை எடுத்து ஒரு துண்டுத் தாளில் ஏதோ குறித்துக்கொண்டே வந்தார். பிரிக்ஃபீல்ட்ஸில் இறங்கி, கார் கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போய்விட்டார். மூடப்போகிறாரா, இல்லையா?

திங்கட்கிழமை சீக்கிரமே கல்லூரிக்குப் போனேன். கம்ப்யூட்டர் அறைக் கதவில் அந்த அட்டை இல்லை. நான்கு மூலையிலும் டேப் ஒட்டிய தடம் மட்டும் இருந்தது. பின்னால் மாடிப்படியில் தடதடவென்று சத்தம். திரும்பினேன். பிரின்சிபல், கைக்கு ஒன்றாக இரண்டு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு, மூச்சு வாங்க ஏறி வந்துகொண்டிருந்தார்.

"என்ன பாத்துக்கொண்டு நிக்கிறீர்? ஒண்டைப் பிடியும்" என்றார். "அடுத்த தவணைக்கு இன்னும் கனபேர் வருவினம். இருக்கிற கதிரை காணாது."