மணல் மூட்டைச் சுவரும் சித்தேரிக் கட்டிலும்

யுத்த காலத்தில், ஜப்பான்காரன் அரூர்ப் பக்கம் வந்து குண்டு போடுவான் என்று மேலிடத்தில் யாருக்கோ பயம் பிடித்துக்கொண்டது. கம்பங்கொல்லையையும் புளியந்தோப்பையும் தாண்டி, நாலே படுக்கை உள்ள எங்கள் ஆஸ்பத்திரியைத் தேடிப் பிடிப்பதை விட்டால் அவனுக்கு வேறு வேலை இல்லை பாருங்கள். நான் அங்கே பிரசவம் பார்க்கிற நர்ஸ். குண்டே விழுந்தாலும் ஆஸ்பத்திரி நடக்க வேண்டும், வாசலுக்கு எதிரே மணல் மூட்டைச் சுவர் எழுப்புங்கள் என்று உத்தரவு வந்தது.

டாக்டர் விழுந்து விழுந்து கட்டினார். ஆள் உயரச் சுவர். பக்கவாட்டில் நுழைந்து, திரும்பித்தான் வாசலுக்குள் போக முடியும். அகலம் போதுமா என்று அவரே கைவீசி நடந்து பார்த்தார். தன் தொப்பை நுழைந்தால் ஊரே நுழையும் என்பது அவர் கணக்கு.

மறுவாரம் சித்தேரி மலையிலிருந்து ஒரு பிள்ளைத்தாய்ச்சியைக் கொண்டுவந்தார்கள். மலைக்காரர்கள் நோயாளியைக் கயிற்றுக் கட்டிலோடு மூங்கிலில் கட்டித் தோளில் சுமந்துதான் இறங்குவார்கள். கட்டில் நுழைந்தது, திரும்பவில்லை. சுவருக்கும் வாசலுக்கும் நடுவே மாட்டிக்கொண்டது. அவளுக்கோ ரத்தம் போய்க்கொண்டிருந்தது, தூக்கிக் குலுக்கக் கூடாது. மூட்டைகளைத் தள்ளுங்கள் என்றேன். நாளைக்கு அதிகாரி பார்வையிட வருகிறார், சுவரில் கை வைக்காதே என்றார் டாக்டர். இந்தச் சுவருக்குள்ளேயே ஒரு உயிர் போகப்போகிறது என்று நானும் விடாமல் கத்தினேன்.

அவள் புருஷன் மட்டும் கத்தவில்லை. கட்டில் காலைப் பிடித்தபடியே கேட்டான்.

"குண்டு எப்பங்க வரும்? இவ அதுவரைக்கும் தாங்க மாட்டாளுங்க."

டாக்டர் முகம் செத்துப்போனது. முதல் மூட்டையை இழுத்தவர் அவர்தான். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

மறுநாள் அதிகாரி வந்து, சரிந்த சுவரைப் பார்த்துக் குதித்துவிட்டு, திரும்பக் கட்டச் சொல்லிப் போனார். இந்தத் தடவை டாக்டர் அந்தக் கட்டிலையே இரவல் வாங்கி, அளவு பார்க்க என்னை அதில் படுக்கச் சொன்னார். நான் கொஞ்சம் கனத்த உடம்புக்காரி. மூங்கிலின் முன்பக்கத்தைத் தோளில் வாங்கிய டாக்டர் முனகியதைக் கேட்டு எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான்.

திருப்பத்தில் கட்டில் ஒரு நொடி நின்றது. மல்லாந்து கிடந்த எனக்கு மூட்டைகளும் ஒரு கீற்று வானமும் தவிர ஒன்றும் தெரியவில்லை. சுற்றி நின்றவர்கள் பேச்சு மட்டும் தெளிவாகக் கேட்டது. எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. நேற்று அவள் இங்கேதான் கிடந்து, நாங்கள் போட்ட சண்டையை ஒரு வார்த்தை விடாமல் கேட்டிருக்கிறாள்.