காப்பி பார்க்கிற மேடம்

மாணவர்கள் எழுதிய கட்டுரையை அவர்களே படிப்பதற்கு முன்னால் படித்துவிடுவதுதான் என் தொழில். ஒரகடம் போகும் சாலையில் ஒரு கலைக் கல்லூரியில் நூலகராக இருக்கிறேன். புத்தகம் எடுக்க வருகிறவர்கள் குறைந்துபோனதும், நிர்வாகம் என் மேஜைக்கு ஒரு சாஃப்ட்வேரைக் கொண்டுவந்தது. ஆய்வுக் கட்டுரையை அதில் ஏற்றினால், வேறு எங்கிருந்தோ எடுத்த வரிகளுக்கெல்லாம் சிவப்பு அடித்து, மொத்தம் இத்தனை சதவீதம் காப்பி என்று சொல்லும். அனுமதித்த அளவைத் தாண்டினால் கட்டுரை திரும்பிவிடும். அன்றிலிருந்து எனக்குப் பெயர் ‘காப்பி பார்க்கிற மேடம்’. எங்கள் கேன்டீன்காரர் அரைகுறையாகக் கேட்டுவிட்டு, “லைப்ரரில காப்பி கீதாமே, அப்போ என் பொழப்பு?” என்று சண்டைக்கே வந்துவிட்டார்.

மாலை வகுப்பில் படிப்பவர்கள் பெரும்பாலும் சுற்று வட்டாரக் கம்பெனிகளில் வேலை செய்பவர்கள். ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து, யூனிபார்மோடு எங்கள் வாசலில் இறங்குவார்கள். கோபப்படவும் மனசு வராது. உங்களில் யாராவது ஆய்வுக் கட்டுரை எழுதியிருந்தாலும் சரி, திருத்தியிருந்தாலும் சரி, நான் படும் பாடு உங்களுக்குச் சொல்லாமலே புரியும்.

செடியில் இரவு வேலை

பாஸ்கர் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டு எங்களிடம் சமூகவியல் எம்.ஏ. படித்தார். தொழிலாளர்களின் உடல்நலம் அவருடைய தலைப்பு. சாஃப்ட்வேரில் போட்டால் சிவப்பே இல்லை. சந்தோஷமாகப் படிக்க உட்கார்ந்தேன். ‘ஒரகடத்தைச் சுற்றியுள்ள செடிகளில் ஆயிரக்கணக்கானோர் பணிபுரிகின்றனர்’ என்று ஆரம்பித்தது. நர்சரி தோட்டம் எதையாவது சொல்கிறாரோ என்று நினைத்தேன். ‘இரவு நகர்வில் இருப்பவர்களுக்குத் தூக்கம் கெடுகிறது.’ சரி. ‘சட்டமன்ற வரிசையில் நாள் முழுதும் நிற்பதால் முதுகு வலிக்கிறது.’ அங்கேதான் விழித்துக்கொண்டேன். பிளான்ட், ஷிப்ட், அசெம்பிளி லைன்! ஏதோ வெளிநாட்டு ஆங்கிலக் கட்டுரையைப் போனில் மொழிபெயர்த்து, ஊர்ப் பேரை மட்டும் சொந்தமாக மாற்றியிருந்தார். அதற்கடுத்த பக்கத்தில் ஒரகடம் தொழிலாளர்கள் கொட்டும் பனிப்பொழிவில் பஸ்ஸுக்காகக் காத்திருந்தார்கள்.

ஆளைக் கூப்பிட்டேன். “பாஸ்கர், நீங்களே லைன்ல நிக்கறவர்தானே, உங்க முதுகு வலிக்கறதில்லையா?” என்று கேட்டேன். “செமையா வலிக்கும் மேடம், ஞாயித்துக்கிழமை எழுந்திருக்கவே முடியாது” என்றார். “அப்போ அதை எழுதலாமே?” என்றதும், அவர் நிஜமாகவே குழம்பிப்போய் என்னைப் பார்த்தார்.

“அது என் முதுகு மேடம். அதுக்கு இன்னா ரெஃபரன்ஸ் போடறது?”

ஏரி எறியான கதை

செம்பரம்பாக்கம் ஏரியைப் பற்றி எழுதுவது எங்கள் பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். பக்கத்தில் இருக்கிறது, வெள்ளத்தைப் பற்றிச் சொல்ல எல்லார் வீட்டிலும் ஒரு கதை இருக்கிறது. ஒரு வருடம் வந்த ஏரிக் கட்டுரைகள் எல்லாவற்றிலும் ‘எறி நிரம்பியது’, ‘எறி திறக்கப்பட்டது’ என்று ஒரே தப்பு. ஒருவர் செய்தால் கைத்தவறு. எல்லாரும் செய்தால் அதற்கு ஒரு ஊற்று இருக்கும். கண்டுபிடிக்காமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. போன வருடக் கட்டுரைகளை எடுத்தேன். அதிலும் எறி. அதற்கு முந்தின வருடமும் எறிதான். அலமாரியின் அடித்தட்டுவரை குனிந்து போய்ப் பார்த்ததில், பைண்டிங் பிரிந்த ஒரு கட்டுரையில் தேடல் முடிந்தது. சீனிவாசன் என்று போட்டிருந்தது. அதற்கு முன்னால் எழுதியவர்கள் எல்லாரும் ஏரி என்றே எழுதியிருந்தார்கள்.

அந்தச் சீனிவாசன் இப்போது மறைமலை நகரில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். சான்றிதழ் விஷயமாகக் கல்லூரிக்கு வந்தவர் என்னிடம் கையெழுத்து வாங்க வந்து நின்றபோது எனக்குப் பெரிய புதையலே கிடைத்த மாதிரி இருந்தது. அவருடைய கட்டுரையையும் பின்னால் வந்தவர்களுடையதையும் வரிசையாகப் பரப்பிக் காட்டினேன். இத்தனை பேர் தன் வழியில் நடந்திருப்பதைப் பார்த்து முதலில் பூரித்துப் போனார். அப்புறம் கொஞ்சம் வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னார்:

“அந்தத் தப்பு மட்டும்தான் மேடம் என்னுது. மத்ததெல்லாம் நெட்ல இருந்து எடுத்தது.”

இரட்டைக் குறி

அடுத்தவர் வரியை எடுத்தால் மேற்கோள் குறிக்குள் போடுங்கள், யாருடையது என்று சொல்லுங்கள் என்று ஒரு நாள் முழுக்க வகுப்பெடுத்தேன். முதல் வரிசையில் உட்கார்ந்து தலையாட்டிக் கேட்ட ஜெனிஃபரின் கட்டுரை மறுவாரம் முழுச் சிவப்பாக வந்தது. கூப்பிட்டுக் கேட்டால் அந்தப் பெண்ணுக்கு என்மேல்தான் வருத்தம்.

“நீங்க சொன்ன மாதிரியே குறி போட்டுகீறேனே மேடம், மொதல் பக்கத்துல ஒண்ணு, கடைசிப் பக்கத்துல ஒண்ணு.”

தேடிய புத்தகம்

யுவராஜ் கொடுத்த கட்டுரையின் கடைசியில் ஒரு புத்தகத்தின் பெயர் இருந்தது. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் பயிர் வைத்துக்கொண்டிருந்த குடும்பங்கள் கம்பெனி வேலைக்குப் போன கதை. என் மாமனார் குடும்பமே அப்படி மாறியதுதான், அதனால் அதைப் படித்தே ஆக வேண்டும் என்று எனக்கு ஆசை வந்துவிட்டது. காஞ்சிபுரத்தில் விசாரித்தேன், சென்னையில் தெரிந்த நூலகர்களை எல்லாம் போனில் பிடித்தேன். யாருமே கேள்விப்பட்டதில்லை. யுவராஜிடம் சொன்னதும் அவரும் உற்சாகமாகக் கிளம்பி, பைக்கை எடுத்துக்கொண்டு பழைய புத்தகக் கடைகளில் தேடிவிட்டு வந்தார்.

“சரி, நீங்க முதல்ல இதை எங்க பாத்தீங்க?” என்று அப்புறம்தான் கேட்கத் தோன்றியது. போனில் ஏ.ஐ.யிடம் கேட்டாராம், அது கொடுத்ததாம். என் எதிரிலேயே மறுபடி கேட்கச் சொன்னேன். இந்த முறை வேறு ஒரு புத்தகம், வேறு வருடம், ஆனால் எழுதியவர் மட்டும் அதே ஆள். அதையும் தேடினோம், அதுவும் இல்லை. இல்லாத புத்தகத்தைக்கூட அது இருக்கிற மாதிரியே சொல்லும் என்று விளக்கினேன். யுவராஜ் பொறுமையாகக் கேட்டுவிட்டு என்னைத் தேற்றினார்.

“புக்கு இல்லன்னா போவுது மேடம். அந்த ஆத்தர் வேற எதனா எழுதிகீறாரா பாருங்க.”

மேகலா சொன்னது

அமுதா போன் தயாரிக்கிற கம்பெனியில் வேலை செய்தபடி படித்தவள். தன்னோடு பஸ்ஸில் வருகிற மேகலா மாதிரிப் பெண்களிடம் பேசிப் பேசி அவர்கள் வாழ்க்கையைப் பற்றி எழுதியிருந்தாள். நான் பார்த்ததிலேயே நல்ல கட்டுரை அது. சாஃப்ட்வேரில் ஏற்றினேன், பாதிக்கு மேல் சிவப்பு. வேறொரு கல்லூரியில் ஒரு மாணவன் அதே வரிகளோடு முன்பே ஒரு கட்டுரை கொடுத்திருந்தான். விதிப்படி அமுதாவின் வாய்மொழித் தேர்வை நிறுத்திவிட்டார்கள். காப்பி என்று முடிவானால் அவளுக்கு ஒரு வருடம் போய்விடும்.

துறைத் தலைவர் கெட்டவர் இல்லை. “வார்த்தையை மாத்தி எழுதிக் கொண்டு வாம்மா, சதவீதம் குறைஞ்சா நான் கையெழுத்துப் போடறேன்” என்றார். மற்றவர்களாக இருந்தால் காலில் விழுந்திருப்பார்கள். அமுதா அழுதாளே தவிர மசியவில்லை. “மேகலாக்கா பேசினது சார் அது. அவங்க பேச்சை நான் எப்படி மாத்தறது?” என்று அதையே சொன்னாள். வெளியே கூட்டிவந்து தண்ணீர் கொடுத்து, கட்டுரையை வேறு யாரிடமாவது கொடுத்தாயா என்று கேட்டேன். யோசித்துப் பார்த்து, பக்கங்களைச் சரிசெய்து பிரின்ட் போட ஒரு கடையில் கொடுத்ததாகச் சொன்னாள். புராஜெக்ட் செய்து விற்கும் கடை அது. கடைக்காரர் சத்தியம் பண்ணி மறுத்தார். எங்கள் கையில் வேறு சாட்சி இல்லை.

வார விடுமுறை நாளில் அமுதா மேகலாவையே அழைத்து வந்துவிட்டாள். தூக்கத்தைத் தியாகம் செய்துவிட்டு வந்தவர், துறைத் தலைவர் எதிரில் கொட்டாவியை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தார். பஸ் பயணத்தைப் பற்றிக் கேட்டதும், “பஸ்ஸுல உக்காந்தா தூக்கம் வருது சார், வூட்ல படுத்தா லைன் ஓடற சத்தம் கேக்குது” என்றார். சிவப்பு அடித்த முதல் வரியே அதுதான். வேறு யாராவது வந்து பேசினார்களா என்று தலைவர் கேட்டார். இந்தப் பொண்ணு மட்டும்தான் என்றார் மேகலா. தலைவர் உடனே அந்தக் கல்லூரிக்குப் போன் போட்டார். அவர்கள் விசாரித்ததில், கடையில் காசு கொடுத்து வாங்கியதாக அந்தப் பையனே ஒப்புக்கொண்டான். அமுதாவுக்குத் தேர்வு நடந்தது, முதல் வகுப்பிலேயே தேறினாள். மேகலா வந்த அன்றைக்கு அவரை வாசல்வரை கொண்டுவிடப் போனபோது, எதற்காக இவ்வளவு ரகளை என்று கேட்டார். அவர் சொன்னதை ஒருவன் தானே கேட்டு எழுதியதாகப் போட்டுக்கொண்டான் என்றேன். அவருக்குக் கோபம்கூட வரவில்லை, ஆச்சரியம்தான்.

“நேரா வந்து கேட்டிருந்தா, அவனுக்கும் சொல்லியிருப்பேனே மேடம்.”

•

எத்தனை சதவீதம் வரைக்கும் எழுதாமலே இருக்கலாம் என்பதைத்தான் ஆய்வுக் கட்டுரை எழுத வருகிற எல்லாரும் முதலில் ஆராய்கிறார்கள் என்பது, இத்தனை வருடம் சிவப்பு வரிகளைப் படித்ததில் நான் யாரையும் காப்பி அடிக்காமல் சொந்தமாகக் கண்டுபிடித்த ஒரே உண்மை.